வரிக்கு ஒரு சொல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. புக்கிட் பெலண்டோக்கிலிருந்து மண் சாலையில் உள்ளே போனால் வரும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கூரை வேலைக்காகப் போயிருந்தேன். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருந்த துருப்பிடித்த தகரத்தைக் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் அடிக்கிற வேலை. வெயிலடித்தால் கூரையில் ஏறுவோம், மழை பெய்தால் இறங்குவோம். அந்த மாதம் இறங்கியதுதான் அதிகம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா தோட்டம் தோட்டமாக மாறினார். நாங்களும் கூடவே மாறினோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் மட்டும் எங்கள் பின்னால் வராமல் நின்றுகொண்டது. அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், கோழிப் பண்ணை, பிளாஸ்டிக் தொழிற்சாலை, வெல்டிங், கடைசியில் கூரை. ஓரிடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். தமிழ் படிப்பேன், ஆனால் எழுத்துக் கூட்டித்தான். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குத் திரும்புவதற்குள் வழி தவறி, படித்ததையே மறுபடியும் படித்துக்கொண்டிருப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்த முதலாளி, தவுக்கே என்போம், எங்களுக்குத் தங்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் அது கதவில்லாத உரக் கொட்டகை. மற்ற ஆட்கள் எல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள், மாலையானால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குப் போக வீடு இல்லை. மூட்டைகளுக்கு நடுவே பாய் விரிக்கத் தோதான இடம் தேடிக்கொண்டிருந்தபோது, தலையில் புல்லுக்கட்டோடு போன ஓர் அம்மா திரும்பிப் பார்த்து நின்றார்.

“இதிலயா படுக்கப் போற? ஒரத்து வாடையில நெஞ்சு அடைச்சிரும் தம்பி. எங்க வீட்டு முன்ரூம் சும்மாத்தான் கெடக்கு. வா லா.”

யார் நீ, எந்த ஊர், குடிப்பாயா என்று ஒன்றும் கேட்கவில்லை. புல்லுக்கட்டை இறக்கி என் தலையில் வைத்தார். அதைச் சுமந்துகொண்டு அவர் பின்னாலேயே போனேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அத்தை. அவருடைய வீட்டுக்காரரை, தோட்டத்தில் எல்லாரும் கூப்பிடுவதுபோல, மண்டோர் மாமா என்றேன்.

அந்தத் தோட்டத்தில் கித்தா, அதாவது ரப்பர் மரம், இருந்த காலத்திலிருந்து மாமா அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தி அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டால், அடுத்த லயத்தில் படுத்திருப்பவன்கூட எழுந்து பல் விளக்கப் போய்விடுவானாம். அவ்வளவு பெரிய குரல். நான் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் தொண்டையில் கட்டி வந்து, சிரம்பானில் ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். அதன்மேல் மெல்லிய துணி ஒன்று கட்டியிருப்பார். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் மேசையைத் தட்டுவார். அந்தத் தட்டலிலும் பழைய மண்டோர் இருந்தார்.

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி, செண்டாயானில் வீடு வாங்கி, அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அப்பாவுக்குப் பேச்சு போனதும், முதலில் கைப்பேசியில் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மாமா எழுதினால் அது வாய்விட்டுப் பேசும். ஆனால் பேசியது ஒரு பெண் குரல், அதுவும் வேறெங்கோ பிறந்த தமிழ். அடுப்படியிலிருந்து அத்தை ஓடிவந்து, “யாருங்க அந்தப் பொம்பள?” என்று கேட்டாராம். மாமா அதை அணைத்தவர்தான், பிறகு தொடவே இல்லை. அதன் பிறகு மகள் தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, அதில் வெறுமனே எழுதுவதற்கான ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாள். டெக்ஸ்ட் எடிட்டர் என்று அதற்குப் பெயராம். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழில் விழும். எழுத்தையும் பெரிதாக்கி வைத்திருந்தாள்.

மாமா இரண்டு விரலால் தட்டுவார். ஆனால் பேச்சுக்காரர் இல்லையா, நிறுத்தவே மாட்டார். ஒரு பேச்சு முடிந்து அடுத்த பேச்சு தொடங்கும்போது வரியை மாற்ற வேண்டும் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை. வாயால் பேசும்போது யாராவது வரி மாற்றிப் பேசுவார்களா? சொன்னதை அழிக்கவும் மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் சொன்னது அத்தனையும் அந்தப் பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாட்டுக்குத் தவிடு வாங்கச் சொன்னதும், மருந்து கேட்டதும், மழையைத் திட்டியதும் எல்லாம் திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீள நீளமாக ஓடின.

அத்தை மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். திரையைப் பார்ப்பார். “ம்ம்” என்பார். போய்விடுவார்.

அந்த “ம்ம்”மை நான் முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டேன். வேலையிடத்தில் தவுக்கே ஏதாவது காகிதத்தை நீட்டும்போது நானும் அப்படித்தான் சொல்வேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நான் வாசலில் என் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினாள்.

“அண்ணே, நீங்க இங்க இருக்கிறது ஒரு நிம்மதி. போன மாசம் அப்பா கழுத்துப் புண்ணுல சீழ் வருதுன்னு டைப் பண்ணியிருக்காரு. அம்மா பாத்துட்டு ம்ம்னு சொல்லிட்டு மாட்டுக்குப் போயிட்டாங்க. மறுநாள் காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தாரு. அப்பறம்தான் எனக்கே தெரிஞ்சிச்சு, அம்மாவுக்கு அதப் படிக்கத் தெரியல.”

பிறகு, இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பாவை செண்டாயானுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடப் போவதாகச் சொன்னாள். அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறாள். மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். மகள் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவள் கண்ணில் தூக்கமே இல்லை.

மாமாவும் சரி என்று சொல்லிவிட்டாராம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று சாயந்திரம் கேட்டேன். அவர் தட்டிக் காட்டினார். என் விரலைத் திரையில் வைத்துத்தான் படித்தேன். பேச முடியாத ஆளோடு இவள் எதற்குக் கஷ்டப்பட வேண்டும், என்னால் இவளுக்குக் கெட்ட பெயர் என்று அத்தையைப் பற்றி எழுதியிருந்தார். அத்தை பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். “ம்ம்” என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் எட்ட முடியாமல் இருந்தார்கள். அத்தையின் பள்ளிப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். எழுத்தெல்லாம் தெரியும். கோயில் நோட்டீஸ், பஸ் பலகை என்றால் கூட்டிப் படித்துவிடுவார். நீளமான வரியில்தான் தொலைந்துபோவார், என்னைப் போலவே. ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. படிக்கத் தெரியாத ஆள் என்றால் தெரியாத ஆள்தான் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், காலையிலிருந்தே மழை. கூரை ஏற வழியில்லை. மதியம் சாப்பிட்டு முடித்து மாமாவும் நானும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். என் கைப்பேசி கூரையிலிருந்து விழுந்து கண்ணாடி நொறுங்கியிருந்தது. லேப்டாப்பில் ஒரு பாட்டுப் போடட்டுமா என்று கேட்டேன். மாமா தலையாட்டினார், ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுதுகிற பக்கம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. பாட்டுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். மவுஸை அந்தப் பக்கத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். அம்புக்குறி இரண்டு பக்கமும் கூராக மாறியது. பிடித்து, ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டேன்.

பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கிவிட்டது. சொற்கள் எல்லாம் சரசரவென்று கீழே சரிந்தன. மேலே இருந்தவை எங்கே போயின என்றே தெரியவில்லை.

மாமா கரண்டியை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் பேசிய பேச்செல்லாம் அதில்தானே இருந்தது. கூரை வேலைக்கு வந்த எவனோ ஒருவன் ஒரு தள்ளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்! என்ன செய்வதென்று தெரியாமல் மவுஸை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். கையில் தே ஓ, பால் கலக்காத தேநீர்த் தம்ளர். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். எழுத்து பெரிது, பக்கம் ஒல்லி. ஒரு வரிக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல். மேலிருந்து கீழாக வரிசையாக நின்றன.

“இவ,” என்றார் அத்தை.

நாங்கள் நிமிர்ந்தோம்.

“இவ... வைக்கிற... ரசம்...”

தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. தம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தார்.

“மாடு... குடிக்கிற...”

மாமா அவசர அவசரமாக லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார். அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“கழ... கழனி... தண்ணி... மாதிரி... இருக்கு. நீ... எப்படிப்பா... ரெண்டு... தம்ளர்... குடிக்கிற?”

நான் கூரையைப் பார்த்தேன். அத்தை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

“ஓஹோ. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் என் முன்னாடியே உக்காந்து இந்தப் பேச்சுத்தான் பேசிக்கிட்டிருந்தீங்களா? தின்னுட்டுத் தின்னுட்டு!”

மாமாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தமே இல்லை. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் சிரிப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அத்தை கொஞ்ச நேரம் கோபத்தைப் பிடித்து வைத்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மூன்று பேரும் சிரித்தோம். ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பழையபடி விரிந்தது. ஒரு சொல்லும் தொலையவில்லை. இடத்துக்குத் தக்கபடி மடங்கி நின்றிருந்தன, அவ்வளவுதான். திரும்பவும் ஒல்லியாக்கினேன்.

அத்தை அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பத்தான் நெரையில மரம் நிக்கிற மாதிரி நிக்குது,” என்றார். கித்தா மரத்தில் பட்டை சீவிப் பால் எடுத்தவர். ஒரு மரத்தை முடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறவருக்கு வழி தவறாது.

அன்றிலிருந்து காலையில் கூரை ஏறுவதற்கு முன் நான் செய்கிற முதல் வேலை, அந்தப் பக்கத்தை ஒல்லியாக்கி வைப்பது. ஏனென்றால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது அகலமாகவே திறக்கும். மாமாவுக்கோ அகலம்தான் பிடிக்கும். தான் பேசியதெல்லாம் ஒன்றாகத் தெரிய வேண்டும் அவருக்கு. நான் வேலையிலிருந்து வருவதற்குள் விரித்துவிடுவார். அத்தையிடம் ஓரத்தைக் காட்டி, இங்கே பிடித்து இழுங்கள் அத்தை, ஒன்றும் ஆகாது என்றேன். “ஐயோ, மாட்டைப் பிடிக்கிற கை. பட்டுச்சுன்னா கெட்டுப் போயிரும்,” என்று முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டார். கீழ் லயத்தில் வேலை நடக்கும்போது மாமா வீட்டிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்டால் நான் கூரையிலிருந்து இறங்கி வந்து ஒடுக்கிவிட்டுப் போவேன். மற்ற ஆட்கள் கேலி செய்தார்கள். “டே, நீ கூரைக்காரனா, கம்ப்யூட்டர்காரனா?”

ரசத்துக்கும் மதிப்பு கூடியது. மிளகு ஒரு பங்கு ஏறியது. பூண்டு ஏறியது. அத்தை தம்ளரை மாமா முன்னால் வைத்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாமா குடித்துவிட்டுத் தட்டுவார். ஒன்றும் தெரியவில்லை என்று விழும். மறுநாள் இன்னும் கொஞ்சம் மிளகு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மாமா சாதாரணமாகக் குடித்தார்.

மகள் ஒரு நாள் போனில் கூப்பிட்டபோது அத்தை இதைச் சொல்லிப் புலம்பினார். மகள் ஏதோ சொன்னாள். அத்தை போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே நின்றார். மூச்சு மூக்கு வழியாகப் போகாததால் மாமாவுக்கு வாசனை தெரியாதாம். வாசனை போனால் ருசியிலும் பாதி போய்விடுமாம். ஆபரேஷன் முடிந்த அன்றே டாக்டர் சொன்னதாம்.

அத்தை மேசைக்கு வந்தார். “ஏங்க, வாசன தெரியாதா ஒங்களுக்கு? மல்லி, கறிவேப்பில, எதுவுமே? ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டினார். ஒவ்வொரு சொல்லாகக் கீழே விழுந்தது. அத்தை படித்தார்.

“சொன்னேன். நீ... ம்ம்னு... சொன்ன.”

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். இந்த மாதிரி நேரத்தில் வெளியாள் உள்ளே இருக்கக் கூடாது. திரும்பி வந்தபோது மாமா தட்டிக்கொண்டிருந்தார், அத்தை பக்கத்தில் முகத்தை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் “ம்ம்” சொல்லி நான் கேட்கவில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அந்த ஒரு தடவை, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே காரோடு மகள் வந்துவிட்டாள். மருமகன் காரில் சாமான் வைக்க இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். மாமாவின் பை கட்டித் தயாராக இருந்தது, அவரே கட்டி வைத்தது. அத்தை வேண்டுமென்றே மாட்டுக் கொட்டகையில் வேலை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மா இப்போது நன்றாகப் படிக்கிறார், ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மகளிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்ப வேண்டும் என்றுதான் அவளுக்கும் ஆசை, அது தெரிந்தது.

“அம்மா, இங்க வாங்க. அப்பா டைப் பண்ணுவாரு, நீங்க எனக்குப் படிச்சுக் காட்டுங்க. நீங்க படிச்சிட்டீங்கன்னா நான் எதுக்குமா இவரக் கூட்டிட்டுப் போகப் போறேன்?”

அத்தை கை கழுவிக்கொண்டு வந்தார். மகள் லேப்டாப்பைத் திறந்தாள். “என்னப்பா இது, இத்தினியூண்டா வச்சிருக்கீங்க, எப்படிம்மா தெரியும்?” என்று, எல்லாருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று, ஓரத்தைப் பிடித்துத் திரையின் மறுமுனை வரை இழுத்துவிட்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா தட்டத் தொடங்கிவிட்டார்.

சொற்கள் நீளமாக ஓடின. அத்தை இடது பக்கத்தில் தொடங்கினார். உதடு அசைந்தது. பாதி வழியில் கண் தடுமாறி மேல் வரிக்கு ஏறியது. திரும்பக் கீழே வந்தது. புதுப் பேச்சு எங்கே தொடங்குகிறது, பழையது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மருமகன் வாசலில் நிற்கிறார். அத்தை வாயிலிருந்து, அவரை அறியாமலே, அது வந்துவிட்டது.

“ம்ம்.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பையை எடுக்கக் கையை நீட்டினாள். நான் மவுஸுக்குக் கையைக் கொண்டுபோனேன். அதற்குள் அங்கே வேறொரு கை இருந்தது.

அத்தை முந்தானையில் கையை ஒரு தடவை துடைத்திருந்தார். மவுஸைப் பிடித்த விதம், கித்தாப் பால் வெட்டும் கத்தியைப் பிடிப்பதுபோல இருந்தது. அழுத்தி இழுத்தார். ஓரம் சிக்கவில்லை, எழுத்துகள் மொத்தமாக நீல நிறமாயின.

“ஐயோ அம்மா, செலக்ட் ஆயிருச்சு! அப்பா, கீயத் தொடாதீங்க, எல்லாம் அழிஞ்சிரும்!” என்று மகள் கத்தினாள்.

மாமா இரண்டு கையையும் மேலே தூக்கினார், போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. கீபோர்டில் ஒரு விரல் பட்டிருந்தால் அவருடைய பேச்செல்லாம் போயிருக்கும். அத்தை பதறவில்லை. காலியான இடத்தில் ஒரு தடவை சொடுக்கினார், நீலம் மறைந்தது. நான் காலையில் செய்வதை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பிறகு அம்பை ஓரத்துக்கு மெல்ல மெல்லக் கொண்டுபோனார். மரத்தில் பட்டை சீவுகிறவர்களுக்குக் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது கையில் இருக்கும். கொஞ்சம் தாண்டினால் மரம் காயப்படும். அப்படித்தான் தேடினார். அம்பு இரண்டு பக்கமும் கூராக மாறியது. அங்கேயே நிறுத்தி, அழுத்தி, இழுத்தார்.

பக்கம் ஒடுங்க ஒடுங்கச் சொற்கள் மடங்கி மடங்கிக் கீழே இறங்கின. மாமா கையை இறக்கினார். பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினார். அத்தை மவுஸை விடவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்தபடியே படித்தார்.

“இவ... வைக்கிற... ரசம்...”

என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“எனக்கு... ருசி... தெரியல. ஆனா... சூடு... தெரியுது. அது... போதும்.”

அங்கே நிறுத்தினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கீழே இன்னும் சொற்கள் வந்துகொண்டிருந்தன.

“நான்... எங்கயும்... வரல.”

அதை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தார். பிறகு மகளைப் பார்த்து, “கேட்டியா? உங்கப்பா சொல்லிட்டாரு,” என்றார். அடுத்த நொடியே மாமா பக்கம் திரும்பி, “சூடு தெரியுதாம்ல சூடு! இனிமே ஆற வச்சுத்தான் குடுப்பேன்,” என்றார்.

மாமாவின் கழுத்துத் துணி படபடவென்று அடித்தது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். மருமகன் பையை எடுத்துக்கொண்டுபோய் உள் அறையில் வைத்தார். அன்று மதியம் எல்லாருமாக உட்கார்ந்து அந்த ரசத்தைக் குடித்தோம். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு இருமத் தொடங்கினாள், அவ்வளவு மிளகு. சாயந்திரம் புறப்படுவதற்கு முன் லேப்டாப்பில் ஏதேதோ செய்து, எப்போது திறந்தாலும் அந்தப் பக்கம் ஒல்லியாகவே திறக்கும்படி அமைத்து வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் தானே வந்து கூட்டிப் போவதாகவும் சொன்னாள். சொன்னபடி செய்தும் வருகிறாள்.

கூரை வேலை முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். கால் அரிப்புதான், வேறு காரணம் இல்லை. அத்தை என் மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டை தேங்காயைக் கட்டிவிட்டார். இப்போது கோலா கிளாவாங் பக்கம் ஒரு டுரியான் பழத் தோட்டத்தில் வேலி போட்டுக்கொண்டிருக்கிறேன். மலைப்பக்கம், லைன் சரியாகக் கிடைக்காது. மேட்டில் ஏறி நின்றுதான் போன் செய்வேன். அத்தை எடுப்பார். மாமா தட்டுவது கேட்கும், அத்தை படிப்பது கேட்கும். இப்போதெல்லாம் வேகமாகவே படிக்கிறார். நடுநடுவே தன் பேச்சையும் சேர்த்துவிடுவதால் மாமா சொன்னது எது, அத்தை சொன்னது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. அதற்கு மாமா கரண்டியால் மேசையைத் தட்டி எதிர்ப்புத் தெரிவிப்பார், “அட, சும்மா இருங்க, அதத்தானே சொல்றேன்,” என்று அத்தை அதட்டுவார்.

நான் பல இடத்தில் வேலை செய்தவன். என்னிடம் கத்திப் பேசியவர்கள் உண்டு, நானும் கத்தியிருக்கிறேன், புரியாதவனை மடையன் என்று நினைத்ததும் உண்டு. இப்போது வேலையிடத்தில் யாராவது நான் சொன்னதற்கு “ம்ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் பேசுகிற அகலத்தைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்குகிறேன்.